ஆஃப்டர் படத்துக்கு அப்புறம்

கடந்த பத்தாண்டுகளில் தமிழில் அதிகம் எழுதப்பட்ட, அதிகம் வாசிக்கப்பட்ட கதைவடிவம் எது என்று கேட்டால் நான் சிறுகதையைச் சொல்லமாட்டேன். இரண்டு புகைப்படங்களை ஒட்டவைத்து, கீழே நான்கைந்து வரி எழுதி வெளியிடப்படும் எடைக்குறைப்புக் கதையைத்தான் சொல்வேன். இடதுபக்கம் ‘பிஃபோர்’, வலதுபக்கம் ‘ஆஃப்டர்’. கீழே கிலோ, நாட்கள், சிலசமயம் எச்பிஏ1சி. படித்தவுடன் விரல் தானாக லைக்கைத் தேடிப் போகும்.

இதற்கென்று ஓர் இலக்கணம் உண்டு. இடதுபக்கப் படம் எப்போதும் ஏதோ கல்யாணத்தில் யாரோ எடுத்தது. வெளிச்சம் மோசம், சட்டை பொத்தான்களுக்கு நடுவே பிதுங்கும், முகத்தில் சாப்பாட்டுக் களைப்பு. வலதுபக்கப் படம் தானே திட்டமிட்டு எடுத்தது. பழைய பேண்டை இடுப்பில் மாட்டி, முன்னால் ஒரு முழம் இழுத்துக் காட்டுவது இதன் உச்சக்காட்சி. கீழே உள்ள வரிகளில் அவமானம் ஒன்று வரும், பிறகு முடிவெடுத்த நாள், பிறகு குருவுக்கு நன்றி. ஆக, வீழ்ச்சி, ஞானம், மீட்சி. பக்தி இலக்கியம் படித்தவர்களுக்கு இந்த வரிசை புதிதில்லை.

இவற்றை நான் கேலிக்காகப் படிப்பதில்லை. சர்க்கரை 300ல் இருந்த ஒருவர் மாத்திரையைக் குறைத்திருக்கிறார் என்றால் அது ஒரு குடும்பத்தின் நல்ல செய்தி. ஆனால் ஒரு வாசகனாக எனக்கு எப்போதும் ஒரே ஒரு கேள்விதான் மிஞ்சும். மூன்றாவது படம் எங்கே? ‘ஆஃப்டர்’ எடுத்து மூன்று வருடம் கழித்து அதே ஆள் எப்படி இருக்கிறார்? இந்தக் கதைவடிவம் மூன்றாவது படத்தை ஏன் அனுமதிப்பதில்லை? வேகமான டயட்டா, மெதுவான சமச்சீர் உணவா என்று தமிழில் நடக்கும் சண்டை முழுக்க இந்த விடுபட்ட படத்தைச் சுற்றித்தான் நடக்கிறது, இரண்டு தரப்புக்கும் அது தெரியாமலேயே.

*

முதலில் இந்த வடிவத்தின் தாத்தாவைப் பார்ப்போம். 1863ல் லண்டனில் வில்லியம் பான்டிங் என்பவர் உடல்பருமன் பற்றிப் பொதுமக்களுக்கு ஒரு கடிதம் என்று சின்னப் பிரசுரம் ஒன்றை வெளியிட்டார். அவர் மருத்துவர் இல்லை. அரச குடும்பத்தின் இறுதிச்சடங்குகளை நடத்திக்கொடுத்த நிறுவனத்தைச் சேர்ந்தவர். ஐந்தடி ஐந்தங்குலம், 202 பவுண்டு. குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியாது, மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்கமுடியும். காது சரியாகக் கேட்கவில்லை என்று வில்லியம் ஹார்வி என்ற காது மருத்துவரிடம் போனார். அவர் ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். இறைச்சி, மீன், கொஞ்சம் ஒயின். இன்றைய ‘லோ கார்ப்’ என்பதன் முதல் பிரபல நூல் அதுதான். ஆங்கிலத்தில் அவருடைய பெயரே டயட் இருப்பதற்கான வினைச்சொல் ஆனது. ஸ்வீடிஷ் மொழியில் இன்றும் எடை குறைக்க டயட் இருப்பதற்கு அவர் பெயரிலிருந்து வந்த சொல்தான்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. பான்டிங் 46 பவுண்டு குறைத்தார். ஏறக்குறைய 21 கிலோ. எத்தனை நாளில்? ஒரு வருடத்துக்கும் சற்று மேல். வகுத்துப் பார்த்தால் வாரத்துக்கு அரைக்கிலோவுக்கும் குறைவு. 2024 மே மாதம் ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியும் வாரத்துக்கு அரைக்கிலோ குறைப்பதுதான் பாதுகாப்பு, எடை குறைக்கும் உணவு நாளுக்கு 1,000 கலோரிக்குக் கீழே போகக்கூடாது என்கிறது. அதாவது ‘வேகமான டயட்’ மரபின் மூலநூல் உண்மையில் ஒரு மெதுவான டயட்டின் கதை. அதோடு பான்டிங் முதல் பதிப்போடு நிற்கவில்லை. அடுத்தடுத்த பதிப்புகளில் பின்னிணைப்புகள் சேர்த்துக்கொண்டே போனார். மூன்றாவது படத்தை எடுக்கத் தெரிந்த ஆள். அவருடைய வாரிசுகள் உணவுப் பட்டியலை எடுத்துக்கொண்டு காலத்தை விட்டுவிட்டார்கள்.

*

தமிழில் இந்த மரபு பெரிதாக வந்திறங்கியது நியாண்டர் செல்வனின் ‘பேலியோ டயட்’ மூலம். தினமணி இணையதளத்தில் தொடராக வந்து கிழக்கு பதிப்பக நூலானது. ‘ஆரோக்கியம் & நல்வாழ்வு’ என்ற ஃபேஸ்புக் குழு வழியாக லட்சக்கணக்கானவர்களிடம் போனது. காலையில் 100 பாதாம், பட்டர் டீ, முட்டை, இறைச்சி, காய்கறி, சைவர்களுக்குப் பனீர். அரிசி, கோதுமை, சர்க்கரை கிடையாது. சிறுதானியமும் தானியம்தான், ஆகவே அதுவும் கிடையாது.

இந்த நூலை இலக்கிய வாசகர்கள் யாரும் விமர்சனத்துக்குரிய பிரதியாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒன்று, அதன் மொழி. மருத்துவத் தமிழ் என்றாலே பாடநூல் வாடை அடிக்கும் அல்லது ‘அன்பு நேயர்களே’ என்று கொஞ்சும். இந்த எழுத்து நேராக வாதிட்டது. இரண்டு, அது வாசகனிடம் உன் மனஉறுதி சரியில்லை என்று சொல்லவில்லை. உனக்குச் சொல்லப்பட்ட அறிவுரை சரியில்லை என்றது. குண்டாக இருப்பதற்காகவே வாழ்நாள் முழுக்கத் திட்டுவாங்கிய ஒருவருக்கு அந்த வாக்கியம் எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள். மூன்று, டயட்டுக்கு முன் ரத்தப் பரிசோதனை எடு என்று அந்தக் குழு வற்புறுத்தியது. ட்ரைகிளிசரைட், எச்பிஏ1சி, யூரிக் ஆசிட் போன்ற சொற்கள் டீக்கடைப் பேச்சில் புழங்க ஆரம்பித்ததில் அந்தக் குழுவுக்குப் பங்குண்டு. தன் ரத்த அறிக்கையைத் தானே வாசிக்கப் பழகிய ஒரு தலைமுறை உருவானது. அதைச் சின்ன விஷயம் என்று சொல்லமாட்டேன்.

சிக்கல் அதன் கதைச்சட்டகத்தில் இருக்கிறது. ஆதிமனிதன் என்று ஒரு நாயகன். விவசாயம் என்று ஒரு வீழ்ச்சி. பத்தாயிரம் ஆண்டு இருட்டு. நீங்கள் தட்டிலிருந்து சோற்றை எடுத்துவிட்டால் மீட்சி. இது தொல்லியல் மாதிரி தோன்றுகிற ஒரு புராணம். தானியத்தைப் பயிரிடுவதற்கு வெகுகாலம் முன்பே மனிதன் மாவுச்சத்தைத் தின்றிருக்கிறான். இத்தாலி, செக், ரஷ்யா ஆகிய இடங்களில் கிடைத்த சுமார் 30,000 ஆண்டு பழைய அரைகற்களில் தாவர மாவுத்துகள்கள் ஒட்டியிருந்ததை 2010ல் கண்டறிந்து எழுதினார்கள். ஆதிமனிதனும் மாவரைத்திருக்கிறான். அவனுக்கு ஒரு டயட் இருக்கவில்லை. கிடைத்ததுதான் டயட்.

புராணம் என்பதாலேயே டயட் வேலை செய்யாது என்று ஆகிவிடாது. வேலை செய்கிறது. ஆனால் புராணத்துக்கு முடிவு உண்டு. பேய் ஓடியபின் பூசாரிக்கு அங்கே வேலையில்லை. வாழ்க்கைக்கு அப்படி ஒரு முடிவு கிடையாது. புராணத்தின் கடைசி அத்தியாயம் முடிந்து மறுநாள் காலையில் நம் ஆள் அதே வீட்டில், அதே தோசைக்கல் முன்னால் நிற்கிறார். அந்த நாளைப் பற்றி அந்த எழுத்துவகையிடம் சொல்ல அதிகமில்லை. ‘இதையே வாழ்நாள் முழுக்கத் தொடருங்கள்’ என்பது ஒரு வரி. அதை ஓர் அத்தியாயம் ஆக்கியிருக்க வேண்டும்.

*

எதிர்முனையில் இருப்பது மருத்துவர் கு. சிவராமனின் ‘ஆறாம் திணை’. ஆனந்த விகடனில் தொடராக வந்து நூலானது. தினை, சாமை, வரகு, குதிரைவாலி என்று மறந்துபோன தானியங்களை நகரத்து வீடுகளுக்குத் திரும்பக் கொண்டுவந்ததில் இந்த நூலுக்கு இருக்கும் இடம் பெரியது. தலைப்பே சொல்லிவிடுகிறது, உணவை ஒரு நிலமாகப் பார்க்கிற பார்வை. இங்கே அவசரம் இல்லை. கிலோக்கணக்கு இல்லை. உணவு என்பது மண், பருவம், பாட்டி, நாவு எல்லாம் சேர்ந்த ஒன்று.

நூலாக இது எனக்கு நெருக்கமானது. பேலியோ எழுத்து உடலை ஓர் இயந்திரமாகப் பார்க்கிறது, இது உடலை ஓர் ஊராகப் பார்க்கிறது. ஆனால் இதைப் படித்துவிட்டுச் ‘சிறுதானியம் சாப்பிட்டால் வெயிட் குறையும்’ என்று கிளம்பியவர்கள் நூல் சொன்னதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கேட்டுக்கொண்டார்கள். சாமையோ, கேழ்வரகோ, வரகோ, 100 கிராமில் 60லிருந்து 70 கிராம்வரை மாவுச்சத்துதான். நார்ச்சத்தும் தாதுக்களும் தீட்டிய அரிசியைவிட அதிகம், அது உண்மையான லாபம். ஆனால் மூன்று குழிக்கரண்டி வரகுப்பொங்கல் நெய்யோடு உள்ளே போனால் தராசு அதற்கென்று தனிச்சலுகை தராது.

இன்னொன்றும் உண்டு. என் வாசிப்பில் இந்த வகை எழுத்து முழுவதிலும் பேசப்படாத ஒரு ஆள் இருக்கிறார். தானியத்தைக் கல் நீக்கி, ஊறவைத்து, அரைத்து, புளிக்கவைத்து, தனித்தனியாகக் கீரை ஆய்ந்து சமைக்கிற ஆள். அந்த ஆள் எப்போதும் ஒரு பெண். அவர் நாள் முழுக்க வீட்டில் இருக்கிறார் என்பது அந்தப் பக்கங்களின் அடிப்படை அனுமானம். பாட்டி என்று பாசமாகச் சொல்லும்போது பாட்டியின் வேலைநேரம் மறைந்துவிடுகிறது. மெதுவான உணவுக்கு யாரோ ஒருவரின் நேரம் விலையாகக் கொடுக்கப்படுகிறது.

*

இந்த நேரக்கணக்கு எனக்கு ஏன் உறுத்துகிறது என்றால், நான் இருப்பது அருள்புரத்தில். திருப்பூரிலிருந்து பல்லடம் போகிற ரோட்டில் இருக்கும் ஊர். இங்கே நேரம் ஷிப்ட்டால் அளக்கப்படுகிறது. காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை ஐந்தரை வரை ஒரு ஷிப்ட். ராத்திரி எட்டரை வரை இழுத்தால் ஒன்றரை ஷிப்ட். ஏற்றுமதி அவசரத்தில் ஒன்றரை ஷிப்ட்தான் இயல்பு நாள். சனிக்கிழமை சம்பளம். பீஸ்ரேட் ஆட்களுக்கு எழுந்து நடக்கிற ஒவ்வொரு நிமிஷமும் காசு. காலை டீ டைமில் ஒரு டீ, ஒரு பன் அல்லது போண்டா, சாயங்காலம் அதே. நாளின் நடுவே நிச்சயமாகக் கிடைக்கிற கலோரி மைதாவும் சர்க்கரையும் எண்ணெயும்தான். ஓவர்லாக் மெஷினில் பத்துப் பன்னிரண்டு மணிநேரம் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிற உடம்பு.

இந்தத் தெருக்களில் சத்துபான கிளப்புகள் இருக்கின்றன. காலையில் ஒரு டம்ளர் ஷேக், அதுதான் டிபன். சுவரில் வரிசையாக பிஃபோர், ஆஃப்டர் படங்கள். எங்கள் தெருவில் ஓவர்லாக் தைக்கிற அக்கா ஒருவர் அங்கே சேர்ந்தார். நான் படித்தவன் என்கிற தோரணையில் மெதுவாகக் குறைப்பதுதான் நல்லது, வீட்டுச் சாப்பாட்டையே கொஞ்சம் மாற்றினால் போதும் என்று ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “மெல்லக் கொறைங்கன்னு எல்லாரும் சொல்றீங்க தம்பி. மெல்லச் செய்யறதுக்கு ஆரு நேரம் குடுக்கறாங்க? இது டம்ளர்ல ஊத்துனா ஆச்சுங்க. சமைக்க வேண்டாம், யோசிக்க வேண்டாம்.”

சமைக்க வேண்டாம், யோசிக்க வேண்டாம். வேக டயட்டின் விற்பனை ரகசியத்தை இதைவிடத் துல்லியமாக நான் எந்தக் கட்டுரையிலும் படித்ததில்லை. நாம் நினைப்பதுபோல் அது அவசரக்காரர்களின் ஆசையைத் தொட்டு விற்பதில்லை. நேரமில்லாதவர்களின் களைப்பைத் தொட்டு விற்கிறது.

காசுக்கணக்கும் பாருங்கள். 100 பாதாம் என்பது சுமார் 120 கிராம், ஏறக்குறைய 700 கலோரி. கிலோ 900 ரூபாய் என்று வைத்தாலும் ஒருவேளைக்கு நூறு ரூபாயைத் தாண்டும், ஓர் ஆளுக்கு. மறுபக்கம் 2011 ஜூனிலிருந்து தமிழ்நாட்டு ரேஷனில் அரிசி விலையில்லை. பருப்புக்கும் எண்ணெய்க்கும் சலுகை விலை. அதாவது இந்தச் சமூகத்தின் தட்டில் மாவுச்சத்து இலவசமாகவும், எண்ணெய் மலிவாகவும், புரதம் காசுக்கும் வந்து விழுகிறது. பசியை ஒழித்ததில் ரேஷன் அரிசியின் பங்கை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அதே உணவு வழிகாட்டி, தானியங்களிலிருந்து வரும் கலோரி 45 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. பருப்பு, முட்டை, காய், பால், கொட்டை வகைகளுக்கு மீதியை ஒதுக்கச் சொல்கிறது. அந்த மீதி 55 சதவீதத்துக்குத்தான் பர்ஸைத் திறக்க வேண்டியிருக்கிறது. ‘சமச்சீர்’ என்பது ஒரு மளிகைப் பில்லும்கூட.

*

சரி, ஆய்வுகள் என்ன சொல்கின்றன? இங்கே நான் இரண்டு அணிகளையும் ஏமாற்ற வேண்டியிருக்கிறது.

மெதுவாகக் குறைத்தால்தான் நிற்கும், வேகமாகக் குறைத்தால் வேகமாகத் திரும்பிவரும். இதை நாம் எல்லோரும் நம்புகிறோம். பழமொழி மாதிரி இருப்பதால் நம்புகிறோம். 2014ல் மெல்போர்னில் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். உடல்பருமன் உள்ள 204 பேர். ஒரு பாதிக்கு 12 வார வேகத் திட்டம், மறுபாதிக்கு 36 வார மெதுத் திட்டம். இலக்கு இருவருக்கும் ஒன்று, எடையில் 12.5 சதவீதம். வேக அணியில் 81 சதவீதம் பேர் இலக்கைத் தொட்டார்கள், மெது அணியில் 50 சதவீதம். தொட்டவர்களை அடுத்த 144 வாரம் கவனித்தார்கள். இரண்டு அணியும் குறைத்ததில் ஏறக்குறைய 71 சதவீதத்தைத் திரும்ப ஏற்றிக்கொண்டன. வித்தியாசமே இல்லை.

மெதுவாகக் குறைத்த எடை மெதுவாகக் குறைத்ததாலேயே நின்றுவிடாது. சமச்சீர் உணவுக்காரர்கள் இந்த உண்மையோடு வாழப் பழகவேண்டும். எந்த டயட் என்பதும் நாம் நினைக்கிற அளவு முக்கியமில்லை. 2018ல் ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை வைத்துக் குறைந்த கொழுப்பு, குறைந்த மாவுச்சத்து என்று பிரித்து ஒரு வருடம் பார்த்தார்கள். முதல் அணி சராசரியாக 5.3 கிலோ, இரண்டாம் அணி 6 கிலோ. புள்ளியியல்படி இது வித்தியாசமே அல்ல.

இப்போது வேக அணி விசிலடிக்க வேண்டாம். மெல்போர்னில் அந்த வேக டயட் மருத்துவக் கண்காணிப்பில், சத்துக்கள் கணக்கிட்டுத் தரப்பட்டது. தெருவில் நடப்பது அது இல்லை. வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைப்பவர்களுக்குப் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு கூடுகிறது. புரதம் இல்லாமல் பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் போகும். பொட்டாசியம் போன்ற உப்புகள் தாறுமாறானால் இதயமே தடுமாறும். 1976ல் அமெரிக்காவில் ‘கடைசி வாய்ப்பு டயட்’ என்று ஒரு நூல் வந்து, தரமில்லாத திரவப் புரதத்தை மட்டும் குடித்து எடை குறைக்கும் மோகம் பரவியது. அந்தத் திரவ உணவோடு தொடர்புடைய சுமார் 60 மரணங்கள் பதிவாயின. நம்மூரில் 2025ல், யூடியூப் பார்த்து மாதக்கணக்கில் பழச்சாறு மட்டுமே குடித்துவந்த குமரி மாவட்ட மாணவர் ஒருவர் இறந்துபோனதாகச் செய்தி வந்தது. செய்தியைப் படித்த அன்று அந்த மாதிரி வீடியோக்களின் கீழே இருக்கும் பின்னூட்டங்களைப் பார்த்தேன். ‘நானும் இன்னைக்கே ஸ்டார்ட் பண்றேன்’ என்று வரிசையாக எழுதியிருந்தார்கள்.

உடம்புக்கு ஞாபகசக்தியும் உண்டு. ‘தி பிக்கஸ்ட் லூஸர்’ என்ற அமெரிக்க டிவி போட்டியில் எடை குறைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பரிசோதித்து 2016ல் கெவின் ஹால் குழுவினர் எழுதினார்கள். சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தவர்கள் 41 கிலோ திரும்ப ஏறியிருந்தார்கள். அதைவிட முக்கியம், சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு செலவழிக்கும் சக்தி, அந்த எடைக்கு எதிர்பார்க்கக்கூடியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவு. தினமும் ஒருவேளைச் சாப்பாட்டை உடம்பு கணக்கில் கழித்துவிட்டது. அதற்கும் முன்னால் 1945ல் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். நாளுக்கு ஏறக்குறைய 1,570 கலோரி. இன்றைய டயட் பட்டியல்களில் பலவும் இதைவிடக் குறைவு என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் எரிச்சலானார்கள், சோர்ந்தார்கள், நாள் முழுக்கச் சாப்பாட்டையே நினைத்தார்கள். சிலர் சமையல் புத்தகங்களைச் சேகரித்து வாசிக்க ஆரம்பித்தார்கள். பட்டினி கிடப்பவனின் இலக்கியம் சமையல் குறிப்புதான்.

*

வேகமா மெதுவா என்பது கேள்வி இல்லையென்றால் எதுதான் கேள்வி?

பனியன் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவேண்டியதே இல்லை. சாயமேற்றி வரும் பின்னல் துணி நீளவாக்கில் இழுபட்டுத்தான் வரும். அளந்தால் மீட்டர் கூடுதலாக இருக்கும். அதை அப்படியே கட்டிங்குக்கு எடுத்துத் தைத்தால் அளவு கச்சிதமாக இருக்கும், பேக்கிங் வரை அழகாக இருக்கும். வாங்கியவர் ஒருமுறை துவைத்ததும் கண்ணிகள் தங்கள் பழைய நிலைக்குப் போய் டீசர்ட் வயிற்றுக்கு மேலே நிற்கும். அதனால்தான் காம்பேக்டிங் போடுகிறார்கள், கட்டிங்குக்கு முன் துணியைப் பிரித்துப் போட்டு ஆறவிடுகிறார்கள், ஷ்ரிங்கேஜ் டெஸ்ட் எடுக்கிறார்கள். இங்கே யாரும் துவைக்காத துணியின் அளவை நம்பமாட்டார்கள். ஆனால் அதே ஊரில் சுவரில் ஒட்டிய ஆஃப்டர் படத்தை எல்லோரும் நம்புகிறார்கள். ஆஃப்டர் படம் என்பது துவைக்காத துணியின் அளவு.

அப்படியானால் மெதுவான வழிக்கு ஆதரவாக நான் சொல்லக்கூடிய ஒரே நேர்மையான காரணம் இதுதான். மெதுவாகக் குறைக்கும்போது நாம் செய்வதும், குறைத்தபின் செய்யவேண்டியதும் ஏறக்குறைய ஒன்றே. குழம்பில் பருப்பைக் கூட்டி, சோற்றை ஒரு கரண்டி குறைத்து, டீயில் சர்க்கரையைப் பாதியாக்கி, தினமும் நடப்பது. எடை குறைகிற மாதங்கள் குறைந்தபின் வாழப்போகிற வருடங்களுக்கான ஒத்திகை ஆகிவிடுகின்றன. ஷேக் குடித்து இறக்கிய பத்துக் கிலோவில் அப்படி ஒத்திகை எதுவும் இல்லை. டம்ளரை வைத்த மறுநாள், ஒருமுறைகூட ஆடிப்பார்க்காத நாடகத்தை மேடையேற்ற வேண்டும். ஒத்திகை மட்டும் போதாது, நாடகத்தைத் தொடர்ந்து நடத்தவேண்டும் என்பதைத்தான் மெல்போர்னின் அந்த 71 சதவீதம் சொல்கிறது.

வேகத்துக்கும் ஒரு நியாயமான இடம் உண்டு. பிரிட்டனில் டைப் 2 சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்றிலிருந்து ஐந்து மாதம் நாளுக்கு 850 கலோரி அளவில் உணவு கொடுத்து, பிறகு படிப்படியாகச் சாதாரண உணவுக்குத் திருப்பி, மாதாமாதம் அழைத்துப் பார்த்தார்கள். ஒரு வருடத்தில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமல் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. இரண்டாம் வருடம் அது 36 சதவீதம். சர்க்கரை நோயாளிக்கு இது பெரிய வரம். ஆனால் 46, 36 ஆனதையும் சேர்த்துச் சொன்னதால்தான் அந்த ஆய்வை நான் மதிக்கிறேன். அது மூன்றாவது படத்தை எடுத்துக் காட்டியது. புதிதாக வந்திருக்கும் எடைக்குறைப்பு ஊசிகளுக்கும் இதே அளவுகோல்தான். செமாக்ளூடைட் ஊசியை நிறுத்தியவர்கள் ஒரு வருடத்தில் குறைத்ததில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்ப ஏற்றிக்கொண்டதாக 2022ல் ஓர் ஆய்வு சொன்னது. அந்த ஊசி 2025ல் இந்தியாவுக்கும் வந்துவிட்டது. படங்களும் வரும். இடது, வலது.

*

மூன்றாவது படங்களுக்கென்று உலகில் ஓர் ஆவணக்காப்பகமே இருக்கிறது. 1994ல் அமெரிக்காவில் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு பதிவேட்டைத் தொடங்கினார்கள். குறைந்தது 13.6 கிலோ குறைத்து, அதை ஒரு வருடமாவது காப்பாற்றியவர்கள் மட்டும் அதில் சேரலாம். எப்படிக் குறைத்தார்கள் என்பதில் ஆயிரம் வழிகள். எப்படிக் காப்பாற்றினார்கள் என்பதில் பலரும் ஒரே மாதிரி. பெரும்பாலோர் காலை உணவைத் தவிர்ப்பதில்லை. வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள். நாளுக்குச் சுமார் ஒரு மணிநேரம் உடலை அசைக்கிறார்கள். விடுமுறையிலும் ஏறக்குறைய அதே சாப்பாடு. படிக்கப் படிக்கக் கொட்டாவி வருகிறது. கதையே இல்லை. வீழ்ச்சி இல்லை, குரு இல்லை, ஆதிமனிதன் இல்லை, பாட்டியும் இல்லை. மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், ரிலீஸ் அன்றைக்குக் கேக் வெட்டுவார்கள், அதற்குப்பின் பத்து வருடம் அதை ஓடவைக்கிறவனுக்கு யாரும் கேக் வெட்டுவதில்லை.

இந்தக் கதையில்லாத விஷயத்தை எழுதுவதுதான் தமிழ் உணவு எழுத்தின் முன்னால் இருக்கும் உண்மையான வேலை என்று நினைக்கிறேன். நாவலுக்கு இது தெரியும். கல்யாணத்தில் முடிவது சினிமா, கல்யாணத்துக்கு அப்புறம் தொடங்குவது நாவல். நம் டயட் எழுத்துகள் எல்லாம் இன்னும் சினிமாவிலேயே இருக்கின்றன. மூன்றாம் வருட தீபாவளியில் என்ன செய்தோம், அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் துணையிருந்த இரண்டு மாதத்தில் ஏறிய நான்கு கிலோவை எப்படி எதிர்கொண்டோம், விருந்துக்குப் போன வீட்டில் ‘ஏன் தங்கம் எளைச்சுட்டே, நல்லாச் சாப்புடு’ என்று சோற்றை அள்ளிவைத்த அத்தையிடம் என்ன சொன்னோம், இதையெல்லாம் எழுதியவர் யார்?

அப்படி எழுதப்படும்போது அதில் ஷிப்ட்டும் வரவேண்டும். நேரத்தை வைத்திருப்பவர்களுக்காக மட்டும் எழுதப்படும் மெதுவான உணவு, நேரமில்லாதவர்களை ஷேக் டம்ளரிடம் அனுப்பிவைக்கிறது. ஓவர்லாக் அக்காவுக்கு வரகு தோசையின் மகிமையைச் சொல்லிப் பயனில்லை. அவரது டீ டைமுக்குப் போண்டாவுக்குப் பதில் அவித்த முட்டையோ, சுண்டலோ கம்பெனி வாசலிலேயே அதே விலையில் கிடைக்குமா என்பது பயனுள்ள கேள்வி. ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆகி, அதே சம்பளம் வந்தால் எத்தனை பேரின் இடுப்பளவு குறையும் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. அதை எந்த டயட் புத்தகமும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அக்கா இப்போது கிளப்புக்குப் போவதில்லை. ஆறு கிலோ இறங்கி, நோம்பிக்கு ஊருக்குப் போய்வந்ததில் நாலு ஏறிவிட்டது. சுவரில் அவருடைய ஆஃப்டர் படம் இன்னும் இருக்கிறது. மிச்சமான ரெண்டு கிலோ எப்படி இன்னும் ஏறாமல் நிற்கிறது என்று கேட்டேன். “சாயங்காலம் போண்டாவ உட்டுட்டு வூட்டுல இருந்து கள்ளக்காய் அவிச்சுக் கொண்டாறனுங்க தம்பி. மத்தபடி ஒண்ணும் பண்றதில்லீங்க” என்றார். அதை யாரும் படம் எடுக்கவில்லை.